அக்கா மகனுக்கு எக்ஸ் வழி சி.ஜி.டி.: எங்கள் வீட்டில் யார் யார் சோதித்துக்கொள்ள வேண்டும்?

கேள்வி: செண்பகம்_தென்காசி

அக்கா மகனுக்கு இரண்டேகால் வயது. பி.சி.ஜி. போட்ட கையின் அக்குளில் நெறிகட்டிப் பழுத்து, கீறிச் சீழ் எடுத்தார்கள். இப்போது ஈரலில் சீழ்க்கட்டி. டி.எச்.ஆர். என்ற இரத்த டெஸ்டில், கிருமியைக் கொல்லும் வெள்ளை அணுவான நியூட்ரோபில் அவனுக்கு ஒன்றுகூட வேலை செய்யவில்லை. மரபணு ரிப்போர்ட்டில் சி.ஒய்.பி.பி. ஜீன், ஏழாம் எக்ஸான் (ஜீனின் ஒரு பகுதி), சி.676சி>டி, ஹெமிசைகஸ் (அவனிடம் இருக்கும் ஒரே பிரதியில்) என்று இருக்கிறது. நோயின் பெயர் எக்ஸ் வழி குரோனிக் கிரானுலோமேட்டஸ் டிசீஸ், அதாவது சி.ஜி.டி. அக்காவுக்கும் டி.எச்.ஆர். பார்த்தார்கள். அணுக்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து தெரிகின்றன, 44% நன்றாக வேலை செய்கின்றன, அவள் கேரியர், அதாவது பழுதான ஜீனைச் சுமப்பவள் என்றார்கள்.

குடும்ப விவரம் இது. அம்மாவுக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. அந்தத் தம்பி, எங்கள் தாய்மாமா, 5 வயதில் ஈரலில் சீழ் வைத்து இறந்துபோனார். 1980களில் நடந்தது, காகிதம் எதுவும் இல்லை. சித்திக்கு 24 வயதில் ஒரு மகன், இரண்டு மகள்கள். மூத்தவளுக்கு வரன் பார்க்கிறார்கள். என் தம்பிக்கு 27 வயது, ஆரோக்கியமாக இருக்கிறான், நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது. எனக்கு 6 வயதில் ஒரு மகன், நோய்நொடி இல்லை. இப்போது நான் 9 வாரக் கர்ப்பம்.

அக்கா கட்டியது அத்தை மகனை. சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி ஆனது என்று இரண்டு பக்கமும் பேச்சு. எனக்கும் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் உண்மையில் எவ்வளவு ஆபத்து? யாருக்கு, எந்த வரிசையில், என்ன டெஸ்ட்?

பதில் 1: மரபு_ஆலோசகர்

முதலில் அந்தப் பேச்சை நிறுத்துங்கள். சி.ஜி.டி.யில் பல வகை உண்டு. என்.சி.எஃப்.1 போன்ற ஜீன்களில் வரும் வகைகளுக்குத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வர வேண்டும். அங்கே சொந்தத் திருமணம் ஆபத்தைக் கூட்டும். உங்கள் வீட்டில் இருப்பது எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் சி.ஒய்.பி.பி. பையனுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது, தந்தை தருவது ஒய். அக்கா வெளியில் கட்டியிருந்தாலும் ஒவ்வொரு மகனுக்கும் இதே பாதிக்குப் பாதி வாய்ப்புதான். அத்தை வீட்டில் யாருக்கும் டெஸ்ட் தேவையில்லை.

தம்பிக்கும் இதே கணக்கு. ஆணுக்கு ஒரே எக்ஸ், அதனால் நோயில்லாத கேரியர் ஆண் என்று இந்த நோயில் கிடையாது. உங்கள் வீட்டு மாற்றம் புரதத்தைப் பாதியில் வெட்டிவிடும் வகை. அதோடு பிறந்தவர் 27 வயதுவரை ஒன்றும் இல்லாமல் இருப்பது மிக அரிது. பெண் வீட்டாருக்குத் துளி சந்தேகமும் இருக்கக் கூடாது என்றால் ஒரு டி.எச்.ஆர். போதும். அது சரியாக இருந்தால் அவர் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒன்றுமே இல்லை.

அடுத்து உங்கள் அம்மா. எல்லாம் அங்கேதான் தொங்குகிறது. தாய்மாமாவுக்கு இருந்தது சி.ஜி.டி.தான் என்றால், நோயுள்ள தம்பிக்கும் கேரியரான மகளுக்கும் நடுவில் நிற்கும் அம்மா கட்டாயம் கேரியர். ஆனால் நம் ஊரில் குழந்தைகளுக்கு ஈரல் சீழ்க்கட்டி வேறு காரணங்களாலும் வரும். காகிதம் இல்லாத ஒரு மரணத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. அம்மாவுக்கு அந்த ஒரே மாற்றத்தைத் தேடும் மரபணு டெஸ்ட் எடுத்தால் கேள்வி அங்கேயே தீரும். அவரிடம் இல்லை என்றால் அக்காவிடம் அது புதிதாக உருவானது, பெரும்பாலும் உங்கள் அப்பாவின் விந்தணுவில். அப்படியானால் சித்தி வீட்டுக்குப் பயமில்லை. உங்கள் ஆபத்தும் மிகக் குறையும், ஆனால் முழுப் பூஜ்யம் ஆகாது. பெற்றவரின் கருமுட்டையிலோ விந்தணுவிலோ மட்டும் மாற்றம் இருந்து, இரத்தத்தில் தெரியாமல் போவது உண்டு. எனவே அம்மாவின் முடிவு எப்படி வந்தாலும் உங்களுக்கு உங்கள் இரத்தம்தான் பேச வேண்டும்.

அம்மா கேரியர் என்றே வைத்து உங்கள் கணக்கைப் போடுவோம். உங்களைப் போன்ற 100 பெண்களில் 50 பேர் கேரியர், 50 பேர் இல்லை. கேரியரான 50 பேரில் முதல் பையன் நல்லபடியாக இருப்பது 25 பேருக்கு. மற்ற 50 பேருக்கும் பையன் நல்லபடியாகத்தான் இருப்பான். ஆக, நல்ல பையன் உள்ள 75 பேரில் கேரியர் 25. உங்கள் வாய்ப்பு இரண்டில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றாக இறங்குகிறது. இந்தக் கர்ப்பத்தில் நோயுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு 12ல் 1. பையன் என்று தெரிந்தால் 6ல் 1. மகன் உண்மையிலேயே நோயற்றவன் என்பதன் மேல்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. அவனுக்கும் ஒரு டி.எச்.ஆர். எடுத்துவிடுங்கள்.

சித்தியும் அதே மாதிரி. 24 வயது மகன் நன்றாக இருப்பதால் அவருக்கு 3ல் 1, மகள்கள் ஒவ்வொருவருக்கும் 6ல் 1. இரண்டு பெண்களையும் இழுத்துக்கொண்டு போகாமல் சித்தியை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். அவரிடம் இல்லை என்றால் பெண்களுக்கு வேலையே இல்லை.

சாதாரணமாக அம்மா, பிறகு நீங்கள், பிறகு சித்தி என்று ஒவ்வொன்றாகப் போவோம். உங்களுக்கு 9 வாரம் ஆகிவிட்டதால் காத்திருக்க நேரமில்லை. அம்மாவும் நீங்களும் ஒரே நாளில் இரத்தம் கொடுங்கள்.

பதில் 2: ஃப்ளோ_லேப்

மேலே சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சாம்பிள் விஷயத்தில் பலர் தடுக்கி விழுவதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

டி.எச்.ஆருக்கு ஹெப்பாரின் குழாய், பச்சை மூடி, 2 முதல் 3 மில்லி. ஐஸில் வைக்கக் கூடாது, அறை வெப்பத்திலேயே போக வேண்டும். கூரியர்காரர் ஐஸ் பெட்டியில்தான் எடுப்பேன் என்றால் கொடுக்காதீர்கள். எடுத்து 24 மணி நேரத்துக்குள் மெஷினில் ஏறினால் நல்லது, நியூட்ரோபில் அதிக நாள் தாங்காது. வெள்ளி மாலை எடுத்துத் திங்கள் போய்ச் சேரும் சாம்பிள் வீண்.

வெளியூருக்கு அனுப்பினால் கூடவே ஆரோக்கியமான ஒருவருடைய இரத்தத்தையும் அதே நேரத்தில் எடுத்து, அதே பெட்டியில் அனுப்ப வேண்டும். அந்த ஒருவர் இரத்த உறவாக இருக்கக் கூடாது. அம்மாவுக்கு மகளைத் துணைக்கு அனுப்பினால் இரண்டு பேரும் கேரியராக இருந்துவிடலாம். உங்கள் கணவர் போதும். வழியில் சூடு பட்டு அணுக்கள் செத்திருந்தால் அவருடைய சாம்பிளும் கெட்டுத் தெரியும். உங்கள் முடிவை நம்பலாமா கூடாதா என்பது அப்போதுதான் புரியும்.

டெஸ்டில் நடப்பது இதுதான்: நியூட்ரோபிலுக்குள் டி.எச்.ஆர். சாயம் ஏற்றி, பி.எம்.ஏ. என்ற பொருளால் தூண்டுவோம். வேலை செய்யும் அணு ஒளிரும். ஆரோக்கியமானவருக்கு மொத்தக் கூட்டமும் வலது பக்கம் நகரும். நோயுள்ள பையனுக்கு எல்லாம் இடது பக்கமே நிற்கும். கேரியருக்கு இரண்டு மேடு. பெண்ணின் ஒவ்வொரு அணுவிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அணைந்துவிடுவதால், சில அணுக்களில் நல்லதும் சிலவற்றில் பழுதானதும் ஓடும். அக்காவின் 44% அப்படி வந்ததுதான்.

பிரச்சினையும் அங்கேதான். எது அணையும் என்பது எல்லாருக்கும் சரிபாதியாக அமையாது. ஒரு கேரியருக்குப் பழுதான எக்ஸ் கிட்டத்தட்ட எல்லா அணுக்களிலும் அணைந்திருந்தால் இடது மேடு ஒரு சின்னத் துணுக்காகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று வந்துவிடும். அதனால் பெண்களுக்கு டி.எச்.ஆர். இரண்டு மேடு காட்டினால் நம்பலாம். நார்மல் காட்டினால் கேரியர் இல்லை என்று கையெழுத்துப் போட முடியாது. அதற்கு மரபணு டெஸ்ட்தான்.

மரபணுவுக்கு இ.டி.டி.ஏ. குழாய், ஊதா மூடி, 2 முதல் 3 மில்லி. இது குளிரில் போனாலும் பாதகமில்லை. எல்லா ஜீன்களையும் படிக்கும் முழு எக்ஸோம் எல்லாம் மறுபடி வேண்டாம், வீண் செலவு. "குடும்பத்தில் தெரிந்த மாற்றம், சாங்கர் முறை" (அந்த ஒரு இடத்தை மட்டும் படிப்பது) என்று படிவத்தில் எழுதச் சொல்லி, பையனுடைய ரிப்போர்ட் நகலை இணையுங்கள். அவனுடைய டி.என்.ஏ. வேறு லேபில் இருந்தால் கொஞ்சம் கேட்டு வாங்கி ஒப்பிடுவதற்காகச் சேர்த்து அனுப்புவது இன்னும் நல்லது. கர்ப்பமாக இருப்பதையும் எத்தனை வாரம் என்பதையும் படிவத்தின் மேலேயே எழுதினால் முன்னுரிமை தருவார்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. செண்பகம் வீட்டில் இருப்பது ஒற்றை எழுத்து மாற்றம், சாங்கர் பிடித்துவிடும். பையனின் ரிப்போர்ட்டில் எக்ஸான் முழுவதுமோ ஜீன் முழுவதுமோ காணவில்லை என்று இருந்தால், பெண்களுக்குச் சாங்கர் எடுத்து ஏமாறாதீர்கள். இன்னொரு எக்ஸில் நல்ல பிரதி இருப்பதால் அது மட்டும் படிக்கப்பட்டு எல்லாம் சரி என்று வரும். அங்கே பிரதிகளை எண்ணி இழப்பைக் கண்டுபிடிக்கும் எம்.எல்.பி.ஏ. டெஸ்ட் கேட்க வேண்டும். அந்த இழப்பு பக்கத்து எக்ஸ்.கே. ஜீன் வரை நீண்டிருந்தால் பையனுக்கு மெக்லியாட் என்ற அரிய இரத்த வகையும் சேர்ந்திருக்கும். ஒரு முறை சாதாரண இரத்தம் ஏற்றிவிட்டால், பிறகு பொருந்தும் இரத்தம் கிடைப்பது பெரும்பாடு. முதல் யூனிட் ஏற்றுவதற்கு முன்பே இரத்த வங்கிக்குச் சொல்லிவிட வேண்டும்.

பதில் 3: குழந்தைநல_மருத்துவர்_நெல்லை

நாட்களைப் பார்ப்போம். சி.வி.எஸ். எனப்படும் நச்சுக்கொடித் திசு மாதிரி 11 முதல் 13 வாரத்துக்குள் எடுப்பது. இந்த வாரமே இரத்தம் கொடுத்தால் முடிவு அதற்குள் வரலாம். நீங்கள் கேரியர் இல்லை என்றால் இந்த நோய்க்காகக் குழந்தைக்கு ஊசி போட வேண்டிய அவசியமே இல்லை. கேரியர் என்றால் சி.வி.எஸ்., அது தவறினால் 16 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர். எதை எடுத்தாலும் தாயின் அணுக்கள் கலந்திருக்கிறதா என்ற சோதனையையும் லேப் சேர்த்துச் செய்ய வேண்டும். கலந்திருந்தால் உங்கள் மாற்றத்தைக் குழந்தையுடையது என்று படித்துவிடுவார்கள்.

சட்டப்படி பயப்பட ஒன்றுமில்லை. 1994ஆம் ஆண்டின் கருவறிதல் சட்டம் தடுப்பது பாலினம் அறிவதையும் சொல்வதையும். பாலினத்தோடு இணைந்த மரபு நோய்களைக் கண்டறிவது அதே சட்டத்தில் அனுமதிக்கப்பட்டது. பதிவு பெற்ற மையமாக இருக்க வேண்டும், படிவம் ஜி-யில் உங்கள் ஒப்புதல் வாங்க வேண்டும், அதன் நகல் உங்களுக்குத் தர வேண்டும். குழந்தைக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்பதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

நோய் இருக்கிறது என்று வந்தால் கலைக்கத்தான் வேண்டும் என்று யாரும் உங்களைத் தள்ள முடியாது, வேண்டாம் என்று தடுக்கவும் முடியாது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 முதல் 24 வாரம் வரை, விதிகளில் சொன்ன காரணங்களுக்கு, இரண்டு மருத்துவர்கள் வேண்டும். தாமதமானால் வழி குறுகும், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். பெற்றுக்கொள்வது என்று முடிவு செய்தாலும் அந்த ரிப்போர்ட்டுக்கு மதிப்பு உண்டு. முதல் நாளிலிருந்தே மருந்து, முதல் வருடத்திலேயே எலும்பு மஜ்ஜை மாற்றுக்குத் தயாரிப்பு என்று போகலாம்.

நீங்கள் கேரியர் என்று தெரிந்தும் கருவில் சோதனை வேண்டாம் என்று இருந்தால், அல்லது எந்த ரிப்போர்ட்டும் கைக்கு வராமலே பிரசவம் ஆனால், பையனாக இருக்கலாம் என்று வைத்தே தயாராகுங்கள். மிக முக்கியமானது பி.சி.ஜி. அது உயிருள்ள கிருமி. சி.ஜி.டி. குழந்தைக்கு அது அக்குளில் சீழாகவும் வரும், உடல் முழுக்கப் பரவவும் செய்யும். உங்கள் அக்கா மகனுக்கு முதலில் வந்த அக்குள் கட்டியே அந்த அடையாளமாக இருந்திருக்கலாம். தேசிய அட்டவணையில் பி.சி.ஜி.யை ஒரு வயது வரை போடலாம். சில நாள் தள்ளிப்போட்டு டி.எச்.ஆர். பார்ப்பதால் இழப்பு எதுவும் இல்லை. ஆனால் முதல் 24 மணி நேரத்தில் போடும் மஞ்சள் காமாலை பி ஊசியை நிறுத்தாதீர்கள். போலியோ சொட்டு சி.ஜி.டி.யில் தடையில்லை. வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் வேண்டாம் என்று எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது, அதனால் குழந்தைக்கு வேறு ஆபத்து வரும். சி.ஜி.டி.யில் விலக்க வேண்டியவை உயிருள்ள பாக்டீரியா தடுப்பு மருந்துகள் மட்டும்.

குழந்தையின் டி.எச்.ஆருக்குத் தொப்புள்கொடி இரத்தத்தைவிடக் குழந்தையின் நரம்பிலிருந்தே எடுப்பது நல்லது. கொடியில் தாயின் அணுக்கள் கலந்தால் கொஞ்சம் ஒளிர்ந்து குழப்பும். ஞாயிற்றுக்கிழமை பிறந்தால் திங்கள் எடுங்கள். ஒரு நாளில் ஒன்றும் கெட்டுவிடாது, பி.சி.ஜி. மட்டும் காத்திருக்கட்டும்.

நோய் உறுதியானால் பாக்டீரியாவைத் தடுக்கக் கோட்ரைமாக்சசோல், அதில் உள்ள டிரைமெதோப்ரிம் அளவில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மி.கி. பூஞ்சைக்கு இட்ராகோனசோல் கிலோவுக்கு 5 மி.கி. பிறந்த சில வாரங்களில் மஞ்சள் காமாலை இருக்கும்போது கோட்ரைமாக்சசோல் கொடுக்க மாட்டோம், எப்போது தொடங்குவது என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எருக்குழி, வைக்கோல் போர், மட்கிய இலைக் குப்பை இந்தப் பக்கமே குழந்தை போகக் கூடாது. அங்கிருந்து எழும் பூஞ்சைத் தூசியை ஒரு முறை நிறைய இழுத்தாலே நுரையீரல் சில நாளில் மோசமாகிவிடும். இது அக்கா மகனுக்கு இன்றைக்கே பொருந்தும்.

செண்பகம்_தென்காசி

எல்லாருக்கும் நன்றி. நாளைக் காலையிலேயே அம்மாவோடு போகிறேன். இன்னும் இரண்டு கேள்வி. அக்காவின் மூத்த மகளுக்கு 5 வயது. தம்பிக்கு மஜ்ஜை கொடுக்கப் பொருந்துமா என்று பார்க்கப் போகிறார்கள். அவளுக்குக் கேரியர் டெஸ்ட் எடுக்கலாமா? கேரியரான பெண்ணுக்கே ஏதாவது நோய் வருமா? அக்காவுக்கு வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு வருகிறது, வாய்ப்புண் அடிக்கடி.

பதில் 4: மரபு_ஆலோசகர்

அக்காவின் தடிப்பையும் வாய்ப்புண்ணையும் சும்மா விடாதீர்கள். சி.ஜி.டி. கேரியர்களுக்கு வெயில் ஒவ்வாமை, லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் மாதிரியான தோல் தடிப்பு, வாய்ப்புண், மூட்டு வலி வருவது நன்கு தெரிந்த விஷயம். நல்ல அணுக்கள் எத்தனை சதவீதம் என்பதற்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை. 44% இருந்தும் வரலாம். லூபஸுக்கான இரத்தப் பரிசோதனை நெகட்டிவாக வந்தாலும் தோலில் இது இருக்கலாம். தோல் மருத்துவரிடம் "சி.ஜி.டி. கேரியர்" என்ற வார்த்தையைச் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அந்தக் கோணத்தில் பார்க்க மாட்டார்கள். கிருமித் தொற்று வேறு கணக்கு. நல்ல அணுக்கள் 20 சதவீதத்துக்குக் கீழ் போனால் ஆபத்து கூடும், 10க்குக் கீழ் என்றால் நோயாளி மாதிரியே கவனிக்க வேண்டியிருக்கும். இந்தச் சதவீதம் வயதோடு இறங்கவும் செய்யும், சில வருடங்களுக்கு ஒரு முறை திரும்பப் பாருங்கள்.

சிறு பெண்களுக்குக் கேரியர் டெஸ்ட் பொதுவாக எடுக்க மாட்டோம், வளர்ந்து அவளே முடிவு செய்யட்டும் என்று விடுவோம். இங்கே தானம் கொடுப்பவளாக நிற்கிறாள், அதனால் காரணம் இருக்கிறது. எச்.எல்.ஏ. எனப்படும் திசு வகை பொருந்தினால் அடுத்து டி.எச்.ஆர். பாருங்கள். கேரியர் என்றாலே தள்ளிவிட வேண்டியதில்லை. நல்ல அணுக்கள் போதுமான அளவு இருந்து வேறு நல்ல கொடையாளர் இல்லை என்றால் மாற்றுக் குழு அவளை ஏற்கலாம், அது அவர்கள் தீர்மானம். செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அரிய நோய்களுக்கான 2021 தேசியக் கொள்கையில் மஜ்ஜை மாற்றால் குணமாகும் முதல் பிரிவில் சி.ஜி.டி. இருக்கிறது. உயர்சிறப்பு மையத்தின் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி கேட்கலாம். சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அப்படி ஒரு மையம். விண்ணப்பம் இப்போதே போகட்டும்.

சித்தி மகள் விஷயத்தில் ஒன்று. டெஸ்ட் எடுப்பதா, எப்போது, யாரிடம் சொல்வது எல்லாம் அந்தப் பெண்ணின் முடிவு. ரிப்போர்ட் அவள் கைக்குத்தான் போக வேண்டும், வரன் பேசும் பெரியவர்கள் கைக்கு அல்ல. சித்தியின் முடிவு வரும்வரை அவளிடம் 6ல் 1 என்ற எண்ணைச் சொன்னால் போதும். கேரியராகவே இருந்தாலும் அவளுக்குக் குழந்தை வேண்டும் என்கிறபோது உங்களுக்கு இருக்கும் எல்லா வழியும் இருக்கும், கூடவே கருப்பதிப்புக்கு முன்பே கருவைச் சோதிக்கும் வழியும்.

பதில் 5: ஃப்ளோ_லேப்

நாளைக்குப் போகும்போது கணவரையும் அழைத்துப் போங்கள், துணை சாம்பிள் அவருடையது. மூன்று பச்சை மூடி: அம்மா, நீங்கள், கணவர். இரண்டு ஊதா: அம்மா, நீங்கள். மகனுக்கு இன்னொரு நாள் எடுக்கலாம், அவனுக்கு அவசரம் இல்லை. குழாயில் பெயரும் எடுத்த நேரமும் உங்கள் கண் முன்னால் எழுதச் சொல்லுங்கள். அம்மா, மகள் இருவருக்கும் ஒரே இனிஷியல் என்றால் வயதையும் சேர்த்து எழுத வேண்டும்.

வேறு எக்ஸ் வழி நோய் உள்ள வீட்டார் இந்தத் திரியை அப்படியே பின்பற்ற வேண்டாம். டி.எச்.ஆர். சி.ஜி.டி.க்கு மட்டும்தான். பி.டி.கே. குறைபாட்டில், அதாவது ஆன்டிபாடி உருவாகாத புரூட்டன் நோயில், கேரியரைப் பார்ப்பது மோனோசைட் என்ற வெள்ளை அணுவில் உள்ள பி.டி.கே. புரதத்தை வைத்து. எக்ஸ் வழி ஸ்கிட், அதாவது பிறவியிலேயே நோய் எதிர்ப்பு கடுமையாகக் குறைந்த நோயின் கேரியருக்கு டி அணுக்கள் எல்லாம் நல்ல எக்ஸை வைத்தே வளர்வதால் சாதாரண அணு எண்ணிக்கையில் எதுவும் தெரியாது, மரபணு டெஸ்ட்தான் வழி. அந்த இரண்டு நோயிலும் போலியோ சொட்டும் கூடாது, ஊசிதான். ஸ்கிட் சந்தேகம் என்றால் ரோட்டா சொட்டும் பி.சி.ஜி.யும் சேர்த்து நிறுத்த வேண்டும்.